40 பன்றிகளும் ஒரு கோட்டையும்: கணினி விளையாட்டுகளில் முற்றுகைப் போர்

1215-ஆம் ஆண்டு நவம்பர் 25. இங்கிலாந்து மன்னர் ஜான் தன் முக்கிய அதிகாரியான ஹ்யூபர்ட் டி பர்குக்கு அவசரமாக ஒரு கடிதம் அனுப்புகிறார். நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை இரவு பகல் பார்க்காமல் உடனே அனுப்பி வைக்க வேண்டும். சாப்பிட உதவாத பன்றிகளாக இருந்தாலும் பரவாயில்லை!

விருந்துக்காக இல்லை. ஒரு கோட்டையை இடிப்பதற்காக.

லண்டனிலிருந்து டோவர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது ராச்செஸ்டர் கோட்டை. அந்த வருடம் ஜூன் மாதம்தான் ஜான் மாக்னா கார்ட்டாவுக்கு ஒப்புதல் தந்திருந்தார். சில மாதங்களிலேயே அவருக்கும் பிரபுக்களுக்கும் மீண்டும் சண்டை மூண்டது. பிரபுக்கள் பக்கம் ராச்செஸ்டரைப் பிடித்து வைத்திருந்தவர் வில்லியம் டாபினி. அவரோடு உள்ளே இருந்த நைட்டுகள் சுமார் நூறு பேர். அதுபோக வில்லாளிகளும் காலாட்களும். கோட்டையின் நடுவில் 34 மீட்டர் உயரமுள்ள கல் கோபுரம். ஜான் கொண்டு வந்த ஐந்து கல்லெறி இயந்திரங்கள் இரவும் பகலும் கல் வீசியும் அந்தக் கோபுரத்தை வீழ்த்த முடியவில்லை.

எனவே ஜான் பூமிக்கு அடியில் போனார். கோபுரத்தின் தென்கிழக்கு மூலைக்குக் கீழே சுரங்கம் தோண்டி, மேலே இருக்கும் சுவர் விழாமல் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து வைத்தார்கள். பன்றிக் கொழுப்பு அந்த முட்டுக் கட்டைகளை எரிப்பதற்கு. கட்டைகள் எரிந்து சாம்பலானதும் மேலே இருந்த மூலை அப்படியே சரிந்து விழுந்தது.

கதை இத்தோடு முடியவில்லை. மூலை விழுந்த பிறகும் கோட்டை விழவில்லை! கோபுரத்தின் நடுவே ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. காவல் படை அதற்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு தொடர்ந்து சண்டை போட்டது. குதிரைகளையும் தின்று தீர்த்த பிறகு நவம்பர் 30 அன்று அவர்கள் சரணடைந்தார்கள். முற்றுகை நடந்தது ஏறத்தாழ ஏழு வாரங்கள். அதை முடித்து வைத்தது பசி.

விளையாட்டில் என்ன நடக்கிறது?

இதே மாதிரி ஒரு கோட்டையை 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' (1999) விளையாட்டில் பிடிப்பதற்கு சில நிமிடங்கள் போதும். நான்கைந்து ட்ரெபுஷே இயந்திரங்களைக் கொண்டு போய் விரித்து வைத்து, கோட்டை மேல் ஒரு க்ளிக். கோட்டையின் உயிர்க்கோடு பச்சையிலிருந்து சிவப்பாகிக் கடைசியில் ஒரே குவியலாக இடிந்து விழும்.

'டோட்டல் வார்' வரிசை விளையாட்டுகள் இதை இன்னும் கொஞ்சம் விரிவாகச் செய்கின்றன. 'மெடீவல் 2' (2006) விளையாட்டில் ஊரைச் சுற்றி வளைத்ததும் ஏணி, இடிமரம், சக்கரக் கோபுரம் எல்லாம் செய்ய ஆரம்பிக்கலாம். அல்லது சும்மா காத்திருக்கலாம். உள்ளே இருப்பவர்கள் இன்னும் எத்தனை சுற்று தாக்குப்பிடிப்பார்கள் என்று ஓர் எண் காட்டப்படும். ஆனால் அந்த விளையாட்டு 1080 முதல் 1530 வரையிலான 450 வருடங்களை 225 சுற்றுகளில் முடிக்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு வருடம். ஐந்து சுற்று முற்றுகை என்றால் பத்து வருட முற்றுகை! அந்தப் பத்து வருடத்தில் ஆடுபவர் செய்வதற்கு அநேகமாக எதுவுமே இல்லை. அதனால் பெரும்பாலானோர் முதல் ஏணி தயாரானதுமே மதில் மேல் ஏறிவிடுகிறார்கள். 'ரோம் 2' (2013) வந்தபோது ஏணிகூடத் தேவைப்படவில்லை. சாதாரணக் காலாட்படை கையில் தீப்பந்தத்தோடு போய் கோட்டைக் கதவை எரித்துவிட முடிந்தது. அதைக் கேலி செய்யாத ரசிகர்கள் குறைவு.

இன்னொரு பக்கம் 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' (2013) இருக்கிறது. அதில் மதிலே கண்ணுக்குத் தெரியாது. ஏறத்தாழ 30 நாளுக்கு ஒருமுறை கணினி ஒரு பகடை உருட்டும். உணவுத் தட்டுப்பாடு, தண்ணீர்த் தட்டுப்பாடு, மதிலில் உடைப்பு என்று ஏதாவது ஒரு பலன் வரும். பகடை மோசமாக விழுந்தால் முற்றுகையிட்ட படைக்குள்ளேயே நோய் பரவும். வரலாற்றுக்கு நெருக்கமாக வருவது இதுதான். ஆனால் ஆடுபவருக்கு இங்கேயும் வேலை இல்லை. பகடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு வகை விளையாட்டு மதிலை மட்டும் காட்டுகிறது. இன்னொரு வகை நாட்காட்டியை மட்டும் காட்டுகிறது. உண்மையான முற்றுகையில் தளபதிகளைத் தூங்கவிடாமல் செய்த முடிவுகள் இரண்டிலுமே இல்லை. முற்றுகையைச் சரி செய்ய வேண்டுமென்றால் இன்னும் அழகாக இடியும் மதில் தேவையில்லை. அந்த முடிவுகளை ஆடுபவர் கையில் கொடுக்க வேண்டும். அவை என்னென்ன?

மண்ணுக்கு அடியில் ஒரு போர்

முதலாவது சுரங்கம். ஜான் ராச்செஸ்டருக்கு வந்த மறுநாளே, அக்டோபர் 14 அன்று, கான்டர்பரி நகரத்துக்கு ஓர் உத்தரவு போட்டார். இரவு பகலாக மண்வெட்டும் கோடாரிகளை அடித்து அனுப்ப வேண்டும் என்று. முற்றுகையின் முக்கிய ஆயுதம் எது என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

இதில் விளையாட்டுக்கு ஏற்ற விஷயம், இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டியிருக்கும் என்பதுதான். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டையை 1546-47-இல் முற்றுகையிட்டவர்கள் பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை வைத்துத் திசையைக் கணித்து எதிர்ச்சுரங்கம் வெட்டினார்கள். முதலில் வெட்டியவை தவறான இடங்கள். பாதியில் கைவிட்டு வேறு இடத்தில் தொடங்கிக் கடைசியில் எதிரியின் சுரங்கத்தைத் துளைத்துப் பிடித்தார்கள். அந்தச் சுரங்கமும் எதிர்ச்சுரங்கமும் இன்றும் அங்கே இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் குனிந்து உள்ளே போய்ப் பார்க்கலாம். இந்தத் தந்திரம் மிகப் பழையது. பாரசீகப் படை பார்கா நகரத்தை (இன்றைய லிபியாவில்) முற்றுகையிட்டபோது ஒரு கொல்லர் வெண்கலக் கேடயத்தை மதிலுக்கு உட்புறம் தரையில் தட்டிக்கொண்டே போய், ஓசை அதிர்ந்து கேட்ட இடத்தை வைத்துச் சுரங்கத்தைக் கண்டுபிடித்தார் என்கிறார் ஹெரொடோட்டஸ்.

'ரோம்: டோட்டல் வார்' (2004) விளையாட்டில் சுரங்கம் இருந்தது. ஆனால் அது மதிலை வீழ்த்த ஒரு குறுக்கு வழி மட்டுமே. ஆட்களை அனுப்பினால் போதும், மதில் விழுந்துவிடும். இரண்டு வருடம் கழித்து வந்த 'மெடீவல் 2'-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இதைத் திரும்பக் கொண்டு வரலாம், இந்த முறை சரியாக. எங்கே தோண்ட ஆரம்பிப்பது, எவ்வளவு வேகமாகத் தோண்டுவது என்று தாக்குபவர் முடிவு செய்யட்டும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். காப்பவருக்குச் சுரங்கம் தெரியக் கூடாது; ஓசை எந்தப் பக்கம் என்று ஓர் ஊகம் மட்டும் கிடைக்க வேண்டும். நிலமும் பேச வேண்டும். கெனில்வொர்த் கோட்டையைச் சுற்றி செயற்கை ஏரியே இருந்ததால் 1266-இல் அங்கே சுரங்கம் தோண்ட வழியில்லை. ஆறு மாத முற்றுகைக்குப் பிறகு பசியும் நோயும்தான் அதை முடித்து வைத்தன. கோட்டையை எந்த இடத்தில் கட்டுவது என்ற கேள்விக்கு அப்போதுதான் விளையாட்டில் ஓர் அர்த்தம் வரும்.

வெளியே இருப்பவனுக்கும் வயிறு உண்டு

இரண்டாவது, முற்றுகை என்றால் உள்ளே இருப்பவர்கள் மட்டும் பட்டினி கிடப்பது என்ற எண்ணம். சுற்றி வளைத்திருக்கும் படையும் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்துத் தானியம் தீர்கிறது. கழிவு சேர்கிறது. தண்ணீர் கெடுகிறது.

1415-இல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி பிரான்சில் ஹார்ஃப்ளர் துறைமுகத்தை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் 22-இல் ஊர் அவர் கைக்கு வந்தது. வெறும் ஐந்து வாரம். அதற்குள் முகாமில் சீதபேதி பரவி நார்விச் பிஷப்பும் சஃபோக் பிரபுவும் இறந்து போனார்கள். நோயாளிகளாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அடுத்த மாதம் அஜின்கோர்ட்டில் ஹென்றி அத்தனை சிறிய படையோடு நிற்க வேண்டி வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை விளையாட்டில் கொண்டு வருவது கஷ்டமில்லை. முற்றுகையிடும் படைக்கும் ஒரு உணவுக் கணக்கு வேண்டும். நாளாக ஆக, இரை தேடிப் போகிறவர்கள் இன்னும் தூரம் போக வேண்டும். அவர்களை எதிரிக் குதிரைப்படை மடக்கலாம். முகாமைப் பிரித்து வைத்தால் நோய் குறையும், ஆனால் வளையம் தளர்ந்துபோகும். நெருக்கி வைத்தால் வளையம் இறுகும், நோய் கூடும். இப்படி ஒரு தேர்வு இருந்தால் காத்திருப்பது சும்மா இருப்பது ஆகாது. 'இன்னும் பத்து நாள் பொறுப்பதா, இன்றைக்கே ஏணி வைப்பதா' என்ற கேள்வி அப்போதுதான் உண்மையில் வலிக்கும்.

வாக்கும் கயிறும்

மூன்றாவது பேச்சுவார்த்தை. ஹார்ஃப்ளர் மதில் மேல் ஏறிப் பிடிக்கப்படவில்லை. செப்டம்பர் 22-க்குள் பிரெஞ்சு அரசரின் உதவிப்படை வராவிட்டால் கதவைத் திறந்துவிடுகிறோம் என்று ஊர்க்காரர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். படை வரவில்லை; கதவு திறந்தது. அந்தக் காலத்தில் இது சாதாரண வழக்கம். காவல் தலைவருக்கு மானம் போகாது, தாக்குபவருக்கு ஆள் சேதம் இல்லை.

ராச்செஸ்டரில் அப்படி ஒரு கௌரவமான முடிவு இல்லை. உதவிக்கு வருகிறோம் என்று சொன்ன பிரபுக்களின் படை லண்டனிலிருந்து கிளம்பி டார்ட்ஃபோர்ட் வரை வந்து திரும்பிப் போய்விட்டது. கோட்டை விழுந்ததும் கோபத்தில் இருந்த ஜான் அத்தனை பேரையும் தூக்கில் போட நினைத்தார். அவர் பக்கத்தில் இருந்த சாவரிக் டி மோலியோன் என்ற தளபதிதான் தடுத்தார். இரக்கத்தால் அல்ல; கணக்குப் போட்டு. இன்று இவர்களைத் தூக்கில் போட்டால் நாளை நம் ஆட்கள் பிடிபடும்போது அவர்களும் அதையே செய்வார்கள், பிறகு உங்களுக்காகக் கோட்டை காக்க யார் வருவார்கள் என்று கேட்டார். ஜான் அடங்கினார். சிறுவயது முதல் தன்னிடமே வளர்ந்து பின்பு எதிரணிக்குப் போன ஒரு வில்லாளி மட்டும் தூக்கிலிடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

எதிர்மறை உதாரணமும் உண்டு. 1304-இல் ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்ட முதலாம் எட்வர்ட் 'வார்வுல்ஃப்' என்ற ராட்சதக் கல்லெறி இயந்திரத்தைச் செய்ய வைத்தார். அதற்குள் கோட்டைக்காரர்கள் சரணடைய வந்துவிட்டார்கள். எட்வர்ட் ஒத்துக்கொள்ளவில்லை! புது இயந்திரத்தை மதில் மேல் வீசிப் பார்த்த பிறகுதான் சரணை ஏற்றார்.

விளையாட்டில் ஒவ்வொரு முற்றுகையும் தனித்தனித் தீவு. முந்தைய ஊரில் என்ன செய்தார் என்பது அடுத்த ஊரின் காவலருக்கு அநேகமாகத் தெரிவதில்லை. தெரிய வேண்டும். வாக்கைக் காப்பாற்றும் தளபதிக்கு ஊர்கள் சீக்கிரம் கதவைத் திறக்க வேண்டும். சரணடைந்தவர்களைக் கொன்றவருக்கு அடுத்த ஊர் கடைசி ஆள் வரை போராட வேண்டும். பயந்து உடனே திறந்துவிடும் ஊரும் ஒன்றிரண்டு இருக்கட்டும். பலன் எப்படியும் ஆகலாம் என்பதுதான் சூதாட்டம்.

'பயனற்ற வாய்கள்'

மேலே சொன்னவையெல்லாம் விளையாட்டைச் சுவாரசியமாக்கும் யோசனைகள். கடைசி விஷயம் வேறு மாதிரி.

உணவு குறையும்போது காவல் தலைவர் முதலில் செய்வது சண்டை போட முடியாதவர்களை வெளியே அனுப்புவது. 'பயனற்ற வாய்கள்' என்று அவர்களுக்கு ஒரு பெயரே இருந்தது. ராச்செஸ்டரிலும் அனுப்பினார்கள். வெளியே வந்தவர்களில் சிலருடைய கைகால்களை ஜானின் ஆட்கள் வெட்டினார்கள் என்கிறது அக்காலக் குறிப்பு ஒன்று. அலேசியாவில் கி.மு. 52-இல் வெளியே தள்ளப்பட்டவர்கள் அந்த ஊருக்குச் சொந்தக்காரர்களான மாண்டூபி மக்களே. அவர்களை ஏற்க சீசர் மறுத்துவிட்டார்.

நார்மண்டியில் ஷாத்தோ கையார் கோட்டையை பிரான்சின் இரண்டாம் பிலிப் 1203-04-இல் முற்றுகையிட்டபோது பக்கத்து ஊர் மக்கள் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். காவல் தலைவர் ரோஜர் டி லேசி அவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பினார். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போக விட்டது. பிறகு இனி யாரையும் விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. காரணம் எளிய கணக்கு: உள்ளே வாய்கள் அதிகம் இருந்தால் உணவு சீக்கிரம் தீரும். அடுத்து வந்த நூற்றுக்கணக்கானோர் முன்னால் போக முடியாமல், பின்னால் கதவும் சாத்தப்பட்டு, குளிர்காலத்தில் வாரக்கணக்கில் இரண்டு படைகளுக்கும் நடுவில் பாறைச் சரிவில் கிடந்தார்கள். பலர் செத்துப்போன பிறகுதான் பிலிப் மிச்சமிருந்தவர்களைப் போக விட்டார்.

1418-இல் ரூவான் நகரத்திலும் அதேதான். ஐந்தாம் ஹென்றி சூழ்ந்திருந்தபோது வெளியே அனுப்பப்பட்டவர்கள் சுமார் 12,000 பேர் என்று முற்றுகையை நேரில் பார்த்த ஜான் பேஜ் என்ற ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். மதிலுக்கு வெளியே இருந்த அகழிப் பள்ளத்தில் மழையிலும் பனியிலும் கிடந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் ஹென்றி உணவு அனுப்பினார். பள்ளத்தில் பிறந்த குழந்தைகளைக் கூடையில் வைத்து மேலே இழுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, மறுபடியும் கூடையிலேயே கீழே இறக்கினார்களாம். நகரம் 1419 ஜனவரி 19-இல் சரணடைந்தது.

முற்றுகையை நடத்தும் விளையாட்டுகளில் இந்த மனிதர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. மக்கள்தொகை என்று ஓர் எண் இருக்கும். வரி கட்டும், குறையும், ஏறும். 'ஸ்ட்ராங்ஹோல்ட்' (2001) பரவாயில்லை. அதில் தானியக் கிடங்கு உண்டு. சாப்பாடு குறைந்தால் மக்கள் ராஜாவை வெறுப்பார்கள். ஆனால் கதவைத் திறந்து யாரை வெளியே அனுப்புவது என்று அதுவும் கேட்பதில்லை.

'விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டுமே, இதையெல்லாம் யார் ஆடுவார்கள்' என்று கேட்கலாம். ஆடுவார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1992 முதல் 1996 வரை நடந்த சராயேவோ முற்றுகையின் பாதிப்பில் போலந்து நிறுவனம் ஒன்று 2014-இல் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் படையும் இல்லை, தளபதியும் இல்லை. முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட சில சாதாரண மனிதர்கள், அவ்வளவுதான். அது பெரிய வெற்றி பெற்றது. 2020-இல் போலந்து அரசு அதை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

வியூக விளையாட்டுகள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி போதும். உள்ளே இருப்பவரிடம்: 30 நாள் உணவு இருக்கிறது, இவர்களை அனுப்பினால் 50 நாள் வரும், அனுப்புகிறாயா? வெளியே இருப்பவரிடம்: வந்திருக்கிறார்கள், விடுகிறாயா? விட்டால் முற்றுகை இருபது நாள் நீளும். உன் முகாமில் ஏற்கெனவே சீதபேதி. எந்தப் பதிலுக்கும் பரிசுப் புள்ளி கிடையாது. 'நல்லவன்' 'கெட்டவன்' என்று பட்டம் வேண்டாம். அந்த மனிதர்கள் இரண்டு படைகளுக்கும் நடுவில், திரையின் ஓரத்தில், முற்றுகை முடியும் வரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் போதும்.

முடிவாக

வரலாற்றுப் பாடத்தில் முற்றுகை என்பது பெரும்பாலும் ஒரு வரி. 'இன்ன வருடம் இன்னார் இன்ன கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார்.' இன்று பல மாணவர்கள் அந்த ஒரு வரிக்குள் என்ன நடந்தது என்பதைக் கணினி விளையாட்டுகளின் வழியாகத்தான் கற்பனை செய்கிறார்கள். அந்தக் கற்பனையில் ஏணியும் தீயும் கல்லும் மட்டும் இருந்தால், முற்றுகை என்பது வீரர்கள் வீரர்களோடு மோதிய ஒரு மதியப் பொழுது என்றே மனதில் பதியும். அது ஏழு வாரப் பசி என்று பதியாது.

ராச்செஸ்டர் கோபுரம் இன்றும் நிற்கிறது. நான்கு மூலைகளில் மூன்று சதுரமானவை. தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. பன்றிக் கொழுப்பில் எரிந்து விழுந்த மூலையைப் பிற்பாடு புது பாணியில் வட்டமாகக் கட்டினார்கள். பார்க்கப் போகிறவர்கள் இந்த மூலை மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், பன்றிக் கதையும் கிடைக்கும். ஆனால் அதே கோட்டையின் வாசல் வழியாக வெளியே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று சொல்ல அங்கே எந்தக் கல்லும் உருண்டையாக இல்லை.